பாம்பைக் காட்டாத அட்டை

கடலூர் மாவட்டத்தில் நடக்கிற ஒரு வீடியோ கேம் வருகிறது, அதன் அட்டையில் என்ன போடலாம் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் சிதம்பரம் நடராஜர் என்பார்கள். அடுத்தது கோபுரம். கொஞ்சம் யோசித்துச் சொல்பவர் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் நடுவே ஒரு படகையும் சொல்லக்கூடும். மூன்றும் அழகான படங்கள்தான். மூன்றையுமே நான் வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த அட்டை எங்கே, எந்த அளவில், யார் கண்ணில் படப்போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

தனியாளாகவோ நாலைந்து பேர் சேர்ந்தோ கேம் செய்கிறவர்களுக்கு இன்று பெரிய கடைத்தெரு ஸ்டீம். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே கடை விரிக்கலாம். விரிக்கவும் செய்கிறார்கள்: 2024இல் மட்டும் 18,000க்கு மேல் புதிய கேம்கள் வந்தன, நாளொன்றுக்கு ஐம்பது என்ற கணக்கில். அட்டையை அந்தக் கடைக்காரர்கள் 'கேப்சூல்' என்கிறார்கள். ஒரே படத்தைப் பல அளவில் வெட்டிக் கொடுக்க வேண்டும். கடைப்பக்கத்தின் தலையில் நிற்பது 920×430 பிக்சல், பட்டியல்களில் வருவது 462×174, வாங்கியவரின் நூலகத்தில் செங்குத்தாக நிற்பது 600×900. கொடுப்பதுதான் இந்த அளவு. தேடல் பட்டியலில் அது கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருங்கிவிடும். வாரக்கணக்கில் தீட்டிய வானமும் மேகமும் அங்கே ஒரு நீலக் கறை.

2022 செப்டம்பர் 1 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. அட்டையில் கேமின் படம், பெயர், துணைத்தலைப்பு இருந்தால் அதுவும், அவ்வளவுதான். வாங்கிய விருது, விமர்சகர் கொடுத்த மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு எதையும் அதன்மேல் எழுதக்கூடாது. 'வெற்றிகரமான 25ஆவது நாள்' என்று போஸ்டர்மேல் போஸ்டர் ஒட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது சற்று கஷ்டமாக இருக்கும். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. படம் தானே பேசியாக வேண்டும் என்ற நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

இப்போது நடராஜருக்கு வருவோம். 2004இல் ஜெனீவா சேர்ன் ஆய்வகத்தின் வளாகத்தில் இந்தியா கொடுத்த நடராஜர் சிலை வைக்கப்பட்டது. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லியில் நிறுத்திய 27 அடி நடராஜர் சுவாமிமலையில் வார்க்கப்பட்டவர். அரங்கேற்ற அழைப்பிதழ், நாட்டியப் பள்ளியின் பெயர்ப்பலகை, ஓட்டல் வரவேற்பறை, விமானநிலையக் கடை என்று அவர் இல்லாத இடமில்லை. எவ்வளவு சிறிதாக்கினாலும் அடையாளம் தெரியும் உருவம் அது. நெருப்பு வட்டம், விரிந்த சடை, தூக்கிய கால் என்று புற எல்லைக்கோடு மட்டும் போதும். நகத்தளவு அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா என்று கேட்கலாம். வடிவம் பொருத்தம்தான். ஆனால் அது செய்து முடித்த சின்னம். சின்னத்தின் வேலை, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நினைவூட்டுவது. ஓட்டுச்சீட்டில் சின்னத்தைத் தேடும் விரலுக்கு அந்தக் கட்சியை முன்பே தெரியும். அட்டைப்படம் போய் நிற்பதோ எதுவுமே தெரியாத ஆளின் முன்னால். போலந்திலோ பிரேசிலிலோ உட்கார்ந்து, கைவிரலால் பட்டியலைத் தள்ளிக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்கு நடராஜரைத் தெரிந்திருந்தால், 'இந்தியா, ஆன்மிகம்' என்ற பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தெரியாவிட்டால் ஒரு வட்டம், ஒரு பொம்மை. இரண்டு வழியிலும் அந்தக் கேமில் என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

கோபுரத்தின் கதையும் அதேதான். வெளிநாட்டுக் கேம்கள் நம் கோயில்களைப் பின்னணித் திரையாகவே வைத்திருக்கின்றன. 1998இல் வந்த 'டூம் ரைடர் 3' இந்தியக் காட்டையும் பாழடைந்த கோயிலையும் காட்டியது. 2017இல் 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையில் கோயில் இடிபாடுகளுக்குள் ஆளை ஏற விட்டது. அவர்கள் செய்தால் சுற்றுலா, நாம் செய்தால் பெருமிதம். அட்டையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆனால் சிதம்பரத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. சன்னதிக்குப் போகிற வழியிலேயே, கோபுர வாசலின் உட்சுவரில், அட்டைப்படக்காரர்களுக்கு வேண்டியது இருக்கிறது. நான்கு கோபுரங்களிலும் நடைவழியின் இருபுறமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறிய சதுரக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் ஆடுகிறாள், பக்கத்தில் தாளம் கொடுக்கும் சிறு உருவங்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் இவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. அங்கே சிவனே ஆடுகிறார், 81 வரை செதுக்கி நின்றுபோய், மீதிக் கற்கள் வெறுமையாக இருக்கின்றன. சிதம்பரத்தில் கணக்கு முழுமை.

செதுக்கியவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கட்டம் சிறியது. பல கட்டங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில். வெளிச்சம் வாசலின் இரண்டு முனைகளிலிருந்தும் பக்கவாட்டில் வருகிறது. பார்ப்பவர் நிற்பதில்லை, உள்ளே போகும் அவசரத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அடுத்தடுத்த கட்டங்களில் ஏறக்குறைய அதே உருவம் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு என்று தெரியவும் வேண்டும். ஸ்டீம் பட்டியலில் தன் கேம் நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் இந்த நெருக்கடி புரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இன்னொன்று. கரணம் என்பது நிற்கும் நிலை இல்லை, கையும் காலும் சேர்ந்து செய்யும் அசைவு. வெகுகாலம் இந்தச் சிற்பங்களை அசையாத அபிநயக் கோலங்கள் என்றே பலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்மா சுப்ரமணியம் தமது முனைவர் பட்ட ஆய்வில், அதுவும் பக்கத்திலிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஆய்வில், இவற்றை அசைவுகளாக மீட்டெடுத்து ஆடியே காட்டினார். அப்படியானால் கல்லில் இருப்பது ஓர் ஓட்டத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு கணம். எந்தக் கணம்? தொடக்கமா, நடுவா, முடிவா? முதல் கரணமான தலபுஷ்பபுடத்தில் இரு கைகளும் பூவை ஏந்தியதுபோல் ஒருபக்கம் குவிந்திருக்கும். லலாடதிலகத்தில் பாதம் மேலேறி நெற்றிக்குப் பொட்டிடப் போகிறது, அசைவு அதன் உச்சிக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது புஜங்கத்ராசிதம். காலடியில் பாம்பைக் கண்டு திடுக்கிட்டவர் காலைத் தூக்குவதுபோன்ற அசைவு. கால் மடங்கிச் சட்டென்று குறுக்கே எழுகிறது, இடுப்பு திரும்புகிறது. நடராஜரின் தூக்கிய திருவடியையே இந்தக் கரணத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆடுபவர் இதைச் செய்யும்போது மேடையில் பாம்பு கிடையாது. இருந்தாக வேண்டிய அவசியமும் இல்லை. உடம்பு திரும்பிய விதத்திலேயே பாம்பு இருக்கிறது. பார்ப்பவர் கண் தன்னையறியாமல் தரையைத் தேடும். அப்படித் தேட வைக்கிற படம்தான் அட்டைக்கு உரியது என்பது என் கட்சி. ஒரு செயலின் நடுவில் உடம்பு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அந்த உடம்பிலேயே தெரிய வேண்டும். அடுத்து என்ன என்பதைப் பார்ப்பவர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் சொடுக்குவார்.

சொல்வதற்கு எளிது. நடப்பில் பெரும்பாலான அட்டைகள் நேர் எதிரே நின்று நம்மை முறைக்கும் ஓர் ஆளை வைத்திருக்கின்றன. கையில் வாள், பின்னால் புகை. அவர் எதையும் செய்யவில்லை, போட்டோ எடுக்க நிற்கிறார். செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகள் வந்தபின் இந்த ஆள் இன்னும் பளபளப்பாகிவிட்டார். அப்படிச் செய்த படங்களைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீம் விதி போட்டது. விதி இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம், அந்தப் படங்களில் யாருக்கும் எந்த வேலையும் இருக்காது.

கேம் அட்டைகளின் பழைய கதை வேடிக்கையானது. 1977இல் அட்டாரி 2600 வந்தபோது திரையில் தெரிந்ததெல்லாம் சில கட்டங்களும் கோடுகளும்தான். பெட்டியின்மேலோ விண்கலங்களும் மலைகளும் பாய்ந்தோடும் ஆட்களுமாகத் தேர்ந்த ஓவியர்கள் தீட்டிய படங்கள். திரையில் ஊரும் சதுரம் ஒரு விண்கலம் என்று நம்புவதற்கு அந்தப் பெட்டி உதவியது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பொய் என்றால் 1987இல் வந்த 'மெகா மேன்' கேமின் அமெரிக்க அட்டையைச் சொல்லலாம். கேமில் இருப்பது கையையே பீரங்கியாக மாற்றிக்கொள்ளும் ஒரு ரோபோப் பையன். அட்டையில் இருப்பதோ கையில் துப்பாக்கியோடு வளைந்து நிற்கும் நடுத்தர வயது மனிதர். இன்றுவரை மோசமான அட்டைக்கு உதாரணம் காட்ட அதைத்தான் எடுக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு 2001இல் வந்த 'இக்கோ'. அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உவேதா, இத்தாலிய ஓவியர் தெ கிரிக்கோவின் பாணியைப் பின்பற்றி அட்டையைத் தாமே வரைந்தார். வெயிலில் நீளும் நிழல்கள், பெரிய வெற்றுக் கட்டடங்கள், நடுவே கைகோத்து ஓடும் இரண்டு சிறிய உருவங்கள். அந்தக் கேமில் ஆடுபவர் திரும்பத் திரும்பச் செய்வது என்ன தெரியுமா? ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது. பிடித்திருக்கும்வரை பையன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருப்பான், விட்டால் அவள் பின்தங்கிவிடுவாள். அட்டையில் அந்தப் பொத்தான்தான் படமாகியிருக்கிறது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இந்த அட்டையோடு வந்தது. அமெரிக்காவுக்கு இது எடுபடாது என்று யாரோ முடிவெடுத்து, பையனின் முகத்தைப் பெரிதாகப் போட்டு வேறொன்று செய்தார்கள். அங்கே கேம் சரியாக விற்காமல் போனதற்கு அந்த அட்டையும் ஒரு காரணம் என்று இன்னமும் பேச்சு உண்டு. அட்டையால் மட்டும் ஒரு கேம் விழும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் உறவு இருக்கிறது, மற்றதில் ஆள் மட்டும் இருக்கிறான்.

தமிழில் சொல்ல ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். தாய் தன் அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள், புட்டு செய்கிறாள். குறிப்பில் அழிந்துபோன வரியை ஊகித்துத் தட்டையும் துணியையும் சரியான வரிசையில் அடுக்குவது ஆடுபவரின் வேலை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய கேம். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் உயரிய பரிசும், பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. தமிழ் என்று சொல்லிக் கடைக்கு வந்த கேம், கோபுரத்தையும் நாட்டியத்தையும் முன்னே நிறுத்தாமல் ஒரு பெண்ணையும் அவள் சமையலையும் நிறுத்தியது. இட்லி என்றால் என்னவென்று தெரியாதவருக்கும் சமைப்பது தெரியும். ஊர் வழியாகச் செயலுக்கு வராமல் செயல் வழியாக ஊருக்கு வந்த கேம் அது.

பெயரை எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய கேப்சூலில் பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமே அறிவுறுத்துகிறது. தமிழில் பெயர் வைப்பவருக்கு இங்கே ஒரு தொல்லை. நம் எழுத்துகள் அகலமானவை, சுழியும் கொம்பும் காலும் இடம் கேட்கும். அதைவிட, புள்ளி. படத்தைச் சுருக்கச் சுருக்க முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும். இது புதிய பிரச்சினையும் அல்ல. கல்வெட்டிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும். படித்தவர்கள் இடம்பார்த்துப் புள்ளியைத் தாமே போட்டுக்கொண்டார்கள். கேம் வாங்க வருபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. அச்செழுத்தை அப்படியே எடுக்காமல், எழுத்தை ஓர் உருவமாகவே நினைத்துத் திரும்ப வரைவது. எழுத்து உடைந்தும் வளைந்தும் வரும், ஆனால் தூரத்திலிருந்து படிக்க முடியும். கணினியில் இருக்கும் எழுத்துருவில் பெயரைத் தட்டி, ஒரு நிழலைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். புள்ளியைக் குட்டி வட்டமாக வைக்காமல் ஒரு கட்டையான வெட்டாக மாற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

பிச்சாவரத்துக்குத் திரும்புகிறேன். 'இதயக்கனி'யிலிருந்து 'தசாவதாரம்' வரை சினிமாக்காரர்கள் எடுத்துத் தீர்த்த இடம். படகு, கால்வாய், இருபுறமும் பச்சை. அமைதியாக இருக்கும், அதனால்தான் அட்டைக்கு ஆகாது. ஆனால் அந்தக் காட்டில் தில்லை மரம் இருக்கிறது, சிதம்பரத்துக்குப் பழைய பெயர் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகில் ஒரு பெண், ஒரு கையால் துடுப்பைப் பிடித்தபடி, மறுகையால் கண்ணை மறைத்து, தாழ்ந்த கிளைக்கு அடியில் குனிகிறாள் என்று வையுங்கள். இப்போது படகுக்கு ஒரு காரணம் வந்துவிட்டது. (சிதம்பர ரகசியம் எங்கே என்று கேட்பீர்கள். திரைக்குப் பின்னால் வெற்றிடம் என்ற அந்தக் கருத்தை அட்டையில் வைக்க ஆசைப்படாத ஆளில்லை. பிக்சல் அளவில் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும்.)

கடலூர்ப் பக்கம்தான் என்னை அதிகம் இழுக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கியது. பின்னர் புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் எல்லையை எப்படி அளப்பது? கோட்டையிலிருந்து பெரிய பீரங்கியைச் சுற்றிலும் சுட வேண்டும், குண்டு போய் விழுகிற தூரம் வரை கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. கடலூர்ப் பட்டணமும் அதற்குள்ளேயே வந்தது.

கேமுக்கென்றே எழுதி வைத்ததுபோன்ற நிகழ்ச்சி. செயல் இருக்கிறது, விதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. அட்டையில் என்ன போடுவது என்பதும் உடனே தோன்றிவிடும்: பீரங்கி, தீப்பந்தம், கோட்டைச் சுவர், பின்னால் கடல். ஆனால் இந்த அட்டை ஆடுபவரின் கையில் தீப்பந்தத்தைக் கொடுத்துவிடுகிறது. யாராக இருந்து ஆடப்போகிறோம் என்பதைப் படம் சொல்லி முடித்துவிட்டது. சுடுகிறவனாக.

நானாக இருந்தால் படத்தைக் குண்டு வந்து விழும் பக்கத்துக்குக் கொண்டுபோவேன். நாற்று வயல். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதி நிமிர்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கையில் இன்னும் நாற்றுமுடி. எல்லோர் தலையும் ஒரே திசையில் திரும்பியிருக்கிறது, ஒரு கால் சேற்றிலிருந்து பாதி எழுந்திருக்கிறது. பீரங்கியும் இல்லை, குண்டும் இல்லை. கேம், எல்லைக்குள் அகப்பட்ட அந்த ஊர்க்காரர்களுடையதாக இருக்கும்: இரவில் குண்டைத் தூக்கி இரண்டு வயலுக்கு இந்தப் பக்கம் போடுவது, அளக்க வரும் கணக்கரை வழி மாற்றி அனுப்புவது, பக்கத்து ஊரோடு சண்டை போடுவது. இந்த இடத்தில் வரலாற்றை விட்டு நான் கற்பனைக்கு வந்துவிட்டேன், அந்த உரிமை கேம் செய்பவருக்கு உண்டு.

பீரங்கி அட்டைதான் அதிகம் சொடுக்கப்படும் என்று வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரியாகவே இருக்கலாம். பீரங்கியைப் பார்த்து வாங்குகிறவர் சுடுவதற்காக வருவார், உள்ளே வந்தால் சேற்றில் குண்டு தூக்க வேண்டியிருக்கும். வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீம் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.